ஜாவாவா? பெட்ராக்கா? வாங்கும் முன் யோசிங்க!



கட்டை மேல் கட்டை அடுக்கி வீடு கட்டலாம். பூமியைத் தோண்டி நிலக்கரி, இரும்பு, வைரம் எடுக்கலாம். இருட்டியதும் ஜாம்பி வரும். அதற்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். என்ன விளையாட்டு என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? மைன்கிராஃப்ட்தான்! 2023-ம் ஆண்டிலேயே 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்ட விளையாட்டு இது.

ஆனால், 'எனக்கு மைன்கிராஃப்ட் வேணும்' என்று அப்பாவிடம் சொன்னால் மட்டும் போதாது. எந்த மைன்கிராஃப்ட் என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால், அதில் ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்புகள் இருக்கின்றன!

ஒன்று எப்படி இரண்டானது?

பெரம்பலூர், அரியலூர் சுட்டிகளுக்கு இது சுலபமாகப் புரியும். பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்ந்தது. 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஊரும் மண்ணும் ஒன்றுதான். ஆனால் கலெக்டர் ஆபீஸ் வேறு வேறு. மைன்கிராஃப்ட் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் என்பவர் 2009 மே மாதம் இந்த விளையாட்டை வெளியிட்டார். 'ஜாவா' என்ற கம்ப்யூட்டர் மொழியில் அதை எழுதியிருந்தார். முழு வடிவம் 2011-ல் வந்தது. அதே ஆண்டில் செல்போனுக்கும் ஒரு மைன்கிராஃப்ட் தயாரானது. போனுக்காக அதை 'சி பிளஸ் பிளஸ்' என்ற வேறு மொழியில் புதிதாக எழுதினார்கள். அது வளர்ந்து, 2017-ல் போன், விண்டோஸ், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான பதிப்பானது. அதுதான் பெட்ராக். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு 'ஜாவா பதிப்பு' என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் இருந்து கம்ப்யூட்டருக்கு வாங்கினால் இரண்டையும் ஒன்றாகவே தருகிறார்கள். ஆனால், போனுக்கு வாங்குவது தனி. போனில் வாங்கியதைக் காட்டி, கம்ப்யூட்டரில் இலவசமாகக் கேட்க முடியாது.

என்ன வித்தியாசம்?

பெட்ராக் என்றால் அடிப்பாறை. விளையாட்டில் எவ்வளவு தோண்டினாலும் கடைசியில் உடைக்க முடியாமல் நிற்குமே, அந்தப் பாறையின் பெயர்தான் இது. ஆண்ட்ராய்டு போன், ஐபோன், விண்டோஸ், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இந்தப் பதிப்பு ஓடும். பெரம்பலூரில் ஒருவர் போனில், அரியலூரில் ஒருவர் கம்ப்யூட்டரில் என்று இருந்தாலும், ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடலாம்.

ஜாவா பதிப்பு கம்ப்யூட்டரில் மட்டும்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவா வைத்திருப்பவர் ஜாவாக்காரரோடுதான் நேரடியாகச் சேர முடியும். ஆனால் இதற்குத் தனிப் பெருமைகள் உண்டு. ரசிகர்கள் தயாரித்த ஆயிரக்கணக்கான 'மாட்'கள் இதற்கு இலவசமாகக் கிடைக்கின்றன. மாட் என்பது புதுப்புது மிருகம், கருவி, இயந்திரம் எல்லாம் சேர்த்துக்கொள்ள உதவும் இணைப்பு. பெட்ராக்கிலும் இப்படிச் சேர்க்கலாம். ஆனால் அதன் கடையில் பலவற்றுக்குக் காசு கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் தெரியுமா? ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் நம் தமிழும் இருக்கிறது! தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது அது.

சண்டையிலும் வித்தியாசம் உண்டு. ஜாவாவில் வாளை ஒருமுறை வீசினால், சற்றுப் பொறுத்துத்தான் முழு பலத்தோடு மறுபடி வீச முடியும். பெட்ராக்கில் டப் டப்பென்று வீசிக்கொண்டே இருக்கலாம். 'ரெட்ஸ்டோன்' என்பது இந்த விளையாட்டின் மின்சாரம். ஜாவாவில் அதை வைத்துச் செய்த தானியங்கிக் கதவு, பெட்ராக்கில் அப்படியே செய்தால் அசையாமல் நிற்கக்கூடும். வீடியோ பார்த்துக் கட்டும்போது, அது எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் பாருங்கள்.

எது ஒன்று?

கட்டும் வேலைக்கு இரண்டுமே சமம்தான். ஒரு கட்டையின் உயரம் ஒரு மீட்டர். அரியலூர் மாவட்டத்தில் ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம் சுமார் 55 மீட்டர். அப்படியானால் 55 கட்டை உயரத்துக்கு எழுப்ப வேண்டும். இரண்டு பதிப்பிலும் மொத்த உலகத்தின் உயரம் 384 கட்டைகள். அதனால் தாராளமாக இடம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தின் நீளம் சுமார் 18 மீட்டர். கிட்டத்தட்ட 12 கோடி ஆண்டுப் பழமையான அதைச் செய்ய, 18 கட்டைகளை வரிசையாக வைத்தால் போதும்!

நம் பகுதியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அரியலூர் சுண்ணாம்புப் பாறைகளில் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைப்பது அதனால்தான். மைன்கிராஃப்டிலும் பாலைவனம், சதுப்பு நிலத்தின் அடியில் தோண்டினால் புதைபடிவம் கிடைக்கும். இரண்டு பதிப்பிலும் உண்டு.

ஆனால், ஜாவாவில் கட்டிய கோயில் பெட்ராக்கில் நேரடியாகத் திறக்காது. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருந்தாலும், எல்லாம் அச்சு மாறாமல் வந்துசேரும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் கட்டிய பிறகு, 'அய்யோ, நண்பர்கள் எல்லாம் அந்தப் பக்கம் இருக்காங்களே!' என்று வருந்தக் கூடாது அல்லவா? அளவு சரியில்லை என்று கடையில் மாற்றிக்கொள்ள இது சட்டையும் இல்லை.

காசு இல்லாவிட்டால்?

கவலை வேண்டாம். 'லுவாண்டி' என்று ஒரு மென்பொருள் உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-ல் தொடங்கியது. 2024 வரை இதன் பெயர் மைன்டெஸ்ட். இதிலும் கட்டை அடுக்கி விளையாடலாம். முழுக்க இலவசம். பழைய லேப்டாப்பிலும் பெரும்பாலும் ஓடும். ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

ஆனால் ஒன்று. 'மைன்கிராஃப்ட் இலவசம்' என்று ஏதாவது இணையதளம் கூப்பிட்டால் போகாதீர்கள். வைரஸ் வரலாம். அந்த போனில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்!

நாலே கேள்வி!

வாங்கித் தரச் சொல்லும் முன், ஒரு தாளில் இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.

1. வீட்டில் இருப்பது போனா, கம்ப்யூட்டரா? போன் மட்டும் என்றால் பெட்ராக்தான்.

2. கூட விளையாடப் போவது யார்? அவர்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது?

3. மாட் சேர்த்து, நோண்டிப் பார்க்க ஆசையா? அப்படியானால் ஜாவா.

4. இலவச முன்னோட்டத்தை விளையாடிப் பார்த்தாயிற்றா? ஜாவாவில் அது சுமார் 100 நிமிடம் ஓடும். நம் கம்ப்யூட்டர் திணறுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தாளை அம்மா, அப்பாவிடம் காட்டுங்கள். கணக்குத் தொடங்கும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முன்பின் தெரியாதவர்கள் உங்கள் உலகத்துக்குள் வராதபடி அமைப்பை அவர்களே மாற்றித் தருவார்கள். அப்புறம் என்ன? முதல் கட்டையை வையுங்கள்!