ஓடாத தேரும் பறக்காத விமானமும்

மூன்றாமாண்டு வரலாற்று மாணவர் ஒருவர்

தேன்கனிக்கோட்டையில் பிறந்தவர்களுக்குத் தேரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேட்டராய சுவாமியின் தேர் ஆண்டு முழுவதும் நிலையில் நிற்கிறது. தேரோட்டத்தன்று மட்டும் அசைகிறது. அந்த ஒரு நாளுக்காக அச்சைப் பார்க்கத் தச்சர் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போடத் தெரிந்தவர் வேண்டும், வடம் பிடிக்க ஊரே வேண்டும். நிலையில் நிற்கும் தேரைப் பார்த்துக் கும்பிடலாம். ஆனால் அது ஓடும்போதுதான் ஊர் முழுவதும் தெருவுக்கு வருகிறது.

விமானங்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியை என்னிடம் கேட்டவர் என் தாத்தா. அவர் 1966-இல் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் தகட்டு வேலைப் பிரிவில் சேர்ந்தவர். வார நாள்களில் அங்கே தங்கி, சனிக்கிழமை இரவுப் பேருந்தில் ஊர் திரும்பி வாழ்ந்தவர். சென்ற ஆண்டு அவரை அங்குள்ள விமான அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். மற்ற விமானங்களை மேலோட்டமாகப் பார்த்தவர், ‘மாருத்’ என்ற போர் விமானத்தின் அருகில் மட்டும் வெகுநேரம் நின்றார். அதன் வயிற்றுப் பக்கத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை மறுபடி பறக்க வைக்க எவ்வளவு ஆகும் கண்ணு? ஜனங்க கிட்ட வசூல் பண்ணா முடியாதா?” என்றார்.

என்னால் அன்று பதில் சொல்ல இயலவில்லை. பின்னர் தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

போர் விமானத்துக்கு மக்கள் பணம்

போர் விமானத்துக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் போர் நிதி திரட்டப்பட்டது. அந்தக் கொடையின் நினைவாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய எண்களுடைய படைப்பிரிவுகளுக்கு ‘மதராஸ் மாகாணம்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. நம் எல்லைக்கு அப்பாலுள்ள மைசூரின் பெயர் 129-ஆம் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்டது. மைசூர் அரசின் இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டமே அதன் சின்னமாயிற்று.

ஆனால் அதே காலத்தில், 1940-இல், காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முழக்கமே, போருக்கு ஆளாலும் பொருளாலும் உதவுவது தவறு என்பதுதான். பொதுமக்கள் பணம் என்றவுடன், அது மனமுவந்து தரப்பட்டதா, எதற்காகக் கேட்கப்பட்டது என்ற வினாக்களும் உடன் எழுகின்றன. அன்று கேட்டது போரிடுவதற்கு. இன்று பல நாடுகளில் கேட்பது நினைவைக் காப்பதற்கு. நோக்கம் மாறினாலும், கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை மாறவில்லை.

குப்பையிலிருந்து எழுந்த லிபரேட்டர்

பழைய விமானத்தை மீண்டும் பறக்க வைத்த பெருங்கதை ஒன்று பெங்களூரிலேயே நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ‘லிபரேட்டர்’ எனப்படும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் கைவிடப்பட்டன. வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றை வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போயிருந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. எச்.ஏ.எல். தொழிலாளர்கள் கான்பூருக்குச் சென்றனர். ஒன்றில் கெட்டதை மற்றொன்றிலிருந்து எடுத்துப் பொருத்திப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகச் செப்பனிட்டனர். இவ்வாறு சுமார் நாற்பது விமானங்கள் உயிர்பெற்றன. 1948 நவம்பரில் ஐந்தாம் படைப்பிரிவு அவற்றைக் கொண்டு அமைந்தது. 1968 வரை அவை பணியாற்றின.

தாத்தா வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கைகளுள் சில இன்னும் பட்டறையில் இருந்தன. “எங்க மேஸ்திரி கான்பூர்க் கதையை ஆரம்பிச்சா சாப்பாட்டு மணி அடிக்கறது காதுல விழாது” என்பார்.

அந்த விமானங்களின் பிற்கால வாழ்வும் வியப்புக்குரியது. உலகில் வேறெங்கும் லிபரேட்டர்கள் அநேகமாக உடைத்து உருக்கப்பட்டுவிட்டதால், நம்மிடம் எஞ்சியவை கனடா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. ஒன்றை 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கி, பல்லாயிரம் மணி நேர உழைப்பில் செப்பனிட்டு 1989-இல் பறக்கவிட்டது. பின்னர் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்று, கட்டணம் செலுத்தியவர்களை ஏற்றிப் பறந்து, அந்த வருவாயில் பராமரித்தது. ஆனால் 2019 அக்டோபர் 2-இல் அதே அறக்கட்டளையின் மற்றொரு பழைய குண்டுவீச்சு விமானம் விழுந்து ஏழு பேர் மாண்டனர். 2020-இல் பயணிகளை ஏற்றும் அனுமதியை அரசு திரும்பப் பெற்றது. பறக்க வைத்தோம் என்பதோடு பொறுப்பு முடிவதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டுவதில்லை.

வல்கன்: கொடுத்துக்கொண்டே இருந்த மக்கள்

பொதுமக்கள் பணத்தால் ஒரு போர் விமானம் மீண்டும் பறந்ததற்கு மிகச் சிறந்த சான்று பிரிட்டனின் ‘வல்கன்’ ஆகும். முக்கோண இறக்கையும் நான்கு ஜெட் எஞ்சின்களும் உடைய இந்த அணுகுண்டு விமானங்களுள் எக்ஸ்.எச். 558 என்பது 1960-இல் படையில் சேர்ந்தது. 1993-இல் ஓய்வு பெற்றபோது ஒரு தனியார் குடும்பம் அதை வாங்கியது. வெறும் காட்சிப் பொருளாக்காமல், எஞ்சின்களை அவ்வப்போது இயக்கி, ஓடுதளத்தில் ஓட்டிக் காத்தது. 1997 முதல் ராபர்ட் பிளெமிங் என்பவர் தலைமையில் அதனைப் பறக்க வைக்கும் முயற்சி தொடங்கிற்று.

அங்கே லாட்டரி வருமானத்தில் ஒரு பகுதி பண்பாட்டுச் சின்னங்களைக் காப்பதற்கென ஒதுக்கப்படுகிறது. அந்நிதியிலிருந்து 2004-இல் சுமார் 27 இலட்சம் பவுன் கிடைத்தது. மீதியைப் பொதுமக்கள் தர வேண்டும். 2005-இல் வேலை தொடங்கியது. ஒவ்வொரு பகுதியையும் கழற்றிச் சோதித்தபோது, எதிர்பார்த்ததைவிடச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்தவர்களுக்கு இது புரியும். ஓடு மட்டும் மாற்றலாம் என்று ஏறினால் உத்தரமும் உளுத்திருக்கும்.

2006-இல் பணம் தீர்ந்தது. பணியாளர்களுக்கு வேலைநீக்க அறிவிப்பும் கொடுக்கப்பட்டது. ஆகஸ்டு முடிவதற்குள் பெருந்தொகை சேராவிட்டால் திட்டமே கைவிடப்படும் என்று அறிவித்தனர். ஓய்வூதியக்காரர்களும் மாணவர்களும் அனுப்பிய சிறு தொகைகளோடு, ஜாக் ஹேவர்ட் என்ற செல்வர் ஐந்து இலட்சம் பவுன் தந்தார். திட்டம் பிழைத்தது. 2007 அக்டோபர் 18-இல் வல்கன் மீண்டும் வானேறியது. அதுவரை ஆன செலவு சுமார் 70 இலட்சம் பவுன்.

இதோடு கதை முடிந்ததென நினைப்போம். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் பவுன் வேண்டியிருந்தது. அத்தொகையும் மக்களிடமிருந்தே வந்தது. 2012 மே மாதத்தில், எஞ்சினின் காற்றுவாயில் வைத்திருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எடுக்க மறந்து இயக்கியதால், இரண்டு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் பாழாயின. புதிதாக அவ்வெஞ்சின்களைச் செய்பவர் உலகில் எவரும் இல்லை. கையிருப்பில் இருந்தவற்றைத்தான் பொருத்தினர். எனவே ஒவ்வொரு பறத்தலும் கையிருப்பைக் கரைக்கும் செலவாயிற்று.

இறுதியில் வல்கனைத் தரையிறக்கியது பணமின்மை அன்று. அங்குள்ள சட்டப்படி, இத்தகைய சிக்கலான விமானம் பறக்க வேண்டுமானால் அதன் வடிவமைப்புக்கும் எஞ்சினுக்கும் பொறுப்பேற்கும் நிறுவனங்கள் உடன் நிற்க வேண்டும். வேறெந்த வல்கனும் பறந்த நேரத்தைவிட இது அதிகம் பறந்திருந்தது. அனுபவம் மிக்க வல்லுநர்களோ ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வந்தனர். எனவே மூன்று நிறுவனங்களும் 2015-உடன் விலகிக்கொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 28-இல் அது கடைசியாகப் பறந்தது. தேர் நிலைக்கு வந்தது.

நாம் அறிய வேண்டியவை

இந்த வரலாறுகளிலிருந்து நான் தெளிந்தவை மூன்று.

முதலாவது, பறக்க வைக்கும் செலவு வேறு. பறந்துகொண்டிருக்க ஆகும் செலவு வேறு. முன்னதற்கு ஒருமுறை உணர்ச்சி போதும். பின்னதற்கு ஆண்டுதோறும் கொடுக்கும் மனம் வேண்டும். இதை முதல் நாளே சொல்லாமல் வசூலிப்பது கொடுத்தவர்களை ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது, விமானத்தில் பொருளைவிடத் தாள் முக்கியம். ஓசூர்ப் பட்டறைகளில் எந்தப் போல்ட்டையும் நூலளவு பிசகாமல் கடைந்து தரும் தொழிலாளர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் எந்த உலோகத்தில், எந்தச் சூட்டில் பதப்படுத்தி, யார் சோதித்துத் தேர்ந்தது என்ற சான்றில்லாத போல்ட்டு விமானத்தில் ஏறாது. தாத்தா இதை எளிதாகச் சொன்னார்: “ரிவெட்டு அடிக்க ஆள் கெடைப்பான் கண்ணு. அடிச்சது சரின்னு கையெழுத்துப் போட ஆள் வேணுமே?”

மூன்றாவது, ஒரு பெருங்கொடையாளர் இருந்தால் வேலை விரைவில் முடியும். நம் விமானப்படையின் பழைய விமானப் பிரிவில் 2018-இல் சேர்ந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா விமானம் இதற்குச் சான்று. பிரிட்டனில் செப்பனிடப்பட்ட அதனை ராஜீவ் சந்திரசேகர் தம் சொந்தச் செலவில் வழங்கினார். அவர் தந்தை டகோட்டா ஓட்டியவர். 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகரில் நம் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் எண்ணாகிய வி.பி. 905 என்பதையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். போற்றத்தக்க கொடை. எனினும் பல்லாயிரம் பேர் சிறுகச் சிறுகக் கொடுத்த விமானம் மேலே செல்லும்போது, தரையில் நிற்கும் ஒவ்வொருவரும் ‘அதில் ஒரு திருகாணி என்னுடையது’ என்று எண்ணுவார்களே, அந்த உறவு தனியொருவர் கொடையில் கிட்டுவதில்லை.

மாருத் பறக்குமா?

இனித் தாத்தாவின் கேள்விக்கு வருவோம். ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட மாருத், 1961 ஜூன் 17-இல் சுரஞ்சன் தாஸ் என்ற விமானியின் கையில் முதன்முதலாகப் பறந்தது. ஆசியாவின் தொடக்ககால ஜெட் போர் விமானங்களுள் ஒன்றாகிய அது மொத்தம் 147 கட்டப்பட்டது. 1971 போரில் மேற்கு முனையில் பங்கேற்றது. 1990-இல் ஓய்வு பெற்றது. எஞ்சியவை இன்று அருங்காட்சியகங்களிலும் மேடைகளிலும் நிற்கின்றன. ஒன்று ஜெர்மனி வரை சென்று மியூனிக் அருகே உள்ளது. பறப்பது ஒன்றும் இல்லை.

அதன் ‘ஆர்ஃபியஸ்’ எஞ்சின் முற்றிலும் அழிந்த இனமன்று. அதே குடும்ப எஞ்சினுடைய ‘நாட்’ விமானங்களைப் பிரிட்டனில் ஆர்வலர்கள் பறக்கவிட்டு வந்துள்ளனர். ஆனால் பல்லாண்டு மழையிலும் வெயிலிலும் நின்ற தகட்டின் களைப்பை எவர் அளப்பது? ரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் உளுத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வல்கனை நிறுத்திய அதே கேள்விதான் இங்கும் நிற்கிறது: யார் கையெழுத்திடுவார்?

இவற்றையெல்லாம் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். ஏமாற்றமடைவார் என்று அஞ்சினேன். அவரோ சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்போ முதல்ல வெளியில நிக்கறதுக்கெல்லாம் ஒரு கூரை போடச் சொல்லு. கூரைக்கு வசூல் பண்ணலாம், கணக்கும் சொல்லலாம்” என்றார். பிறகு, “அந்த இறக்கையை நாங்க எப்படிச் சேர்த்தோம்னு யாராவது கேட்டா சொல்லுவேன். யாரும் கேட்கலை” என்றார்.

அந்தக் கடைசிச் சொல்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. வல்கனுக்குப் பணம் கிடைத்தது; கைகள் ஓய்ந்தபோது நின்றுவிட்டது. நம்மிடம் பணம் இல்லை. கைகள் சில நாள்களுக்கேனும் இருக்கின்றன. தேன்கனிக்கோட்டையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பெங்களூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்று திரும்பிய முதியவர்கள் நம் தெருக்களிலேயே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். நம் வட்டத்துப் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளமே இருக்கிறது. அங்கே 1990-களில் ஆறுபேர் அமரும் சிறு விமானங்கள் கட்டப்பட்டன. அந்த வேலை அறிந்தவர்களும் நம்மருகில்தான் இருக்கிறார்கள்.

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாத்தா சொல்வதை எழுதத் தொடங்கியுள்ளேன். கருவிகளின் பெயர், தகட்டை வளைத்த முறை, பிழை நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இதுவரை அறுபது பக்கம் நிரம்பியிருக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் சென்று கேளுங்கள். இந்த வசூலுக்கு உண்டியல் வேண்டாம், ரசீதும் வேண்டாம். பேராசிரியர்கள் வழிகாட்டினால் அவற்றைத் தொகுத்து நம் கல்லூரி நூலகத்திலேயே வைக்கலாம். என்றேனும் ஒரு நாள் மாருத்தைப் பறக்க வைக்கப் பணத்தோடு எவரேனும் முன்வரும்போது, தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடத் தெரிந்தவர் எங்கே என்று அவர் தேடித் தவிக்க வேண்டியிராது.