கண்விழிக்க மறுக்கும் கணினி

கெலாங் பாத்தாவில் பிற்பகல் இடிமழை புதிதன்று. மின்சாரம் திடீரென நின்று மீளும்போது, பள்ளிக் கணினி கரிய திரையில் "தொடங்குவதற்கு வன்தட்டு இல்லை" என அறிவித்து நின்றுவிடக்கூடும். உடனே இயங்குதளத்தைப் புதிதாக நிறுவப் பலர் முனைவர். அவ்வாறு செய்யின், உள்ளிருக்கும் கோப்புகள் அழிய நேரலாம்.

கணினி விழிக்கும் முறையை அறிந்தால் பதற்றம் தணியும். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் அடிப்படை நிரல் வன்தட்டைத் தேடுகிறது. பழைய முறையில் அதன் முதல் 512 பைட்டுகளில் உள்ள சிறு நிரலும், புதிய முறையில் தனிப் பிரிவிலுள்ள தொடக்கக் கோப்பும் இயங்குதளத்தை எழுப்புகின்றன. அப்பகுதி சிதைந்தால், ஏனைய கோப்புகள் நலமாயிருந்தும் கணினி எழாது.

முதலில் செருகியுள்ள விரலியைக் கழற்றுக. பயாஸ் திரையில் வன்தட்டின் பெயர் உள்ளதா எனக் காண்க. இல்லையேல், மின்னிணைப்பைத் துண்டித்தபின் வடங்களைச் சரிபார்க்க வேண்டும். தேதி பின்னோக்கிச் சென்றிருப்பின், தாய்ப்பலகையின் 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்து, தொடக்க வரிசை மாறியிருக்கலாம். பெயர் தெரிந்தும் எழாவிடின், இயங்குதளம் கொண்ட விரலியால் கணினியை இயக்கி, கோப்புகளை முதலில் படியெடுக்க வேண்டும். பழுதுநீக்கம் அதன் பின்னரே. வன்தட்டில் 'டிக் டிக்' என ஓசை எழுமாயின், உடனே நிறுத்தி வல்லுநரை நாடுக.

கணினியை மீண்டும் வாங்கலாம். மாணவர் எழுதிய கட்டுரையை வாங்க இயலாது. ஆதலின், ஒவ்வொரு கோப்புக்கும் வேறிடத்தில் ஒரு படி இருக்கட்டும்.