குடம் பாலில் துளி டங்ஸ்டன்

கதிரவனைப் போல அணுக்கருக்களைப் பிணைத்துப் பூமியிலும் ஆற்றல் பெற வேண்டுமானால், டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இருவகைக் கன ஹைடிரஜனைப் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அவ்வெப்பத்தில் அணுக்கருக்களும் எலெக்ட்ரான்களும் பிரிந்து திரியும். இந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். இதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? வளைய வடிவமான கலத்தினுள் காந்தப்புலத்தால் வேலி கட்டி நிறுத்துகிறார்கள். இக்கருவியே டோக்காமாக்.

வேலி வலுவானதுதான், ஆனால் ஓட்டையில்லாததன்று. ஓரத்தில் கசியும் துகள்கள் சுவரில் மோதி, சுவரின் அணுக்களைப் பெயர்த்துவிடுகின்றன. அவை பிளாஸ்மாவுக்குள் நுழைந்து மாசுகளாகின்றன.

அமெரிக்காவில் 1975இல் இயங்கத் தொடங்கிய பிரின்ஸ்டன் பெருவளையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிளாஸ்மாவின் ஓரத்தைத் தடுத்து நிறுத்தும் தகடுகளை அதில் டங்ஸ்டனால் செய்திருந்தனர். உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை, சுமார் 3,400 டிகிரி செல்சியஸ், உடையது டங்ஸ்டன். வேறு எதை நாடுவார்கள்? ஆனால் பிளாஸ்மாவின் வெப்பநிலையை அளந்தபோது வியப்பு காத்திருந்தது. நடுவில்தான் வெப்பம் மிகுந்திருக்க வேண்டும். அங்கேயோ சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருந்தது! அடுப்பின் நடுவே மட்டும் தணல் அவிந்தாற்போல.

காரணம் எளியது. டங்ஸ்டனின் அணு எண் 74. கோடி டிகிரிகளிலும் அது தன் எலெக்ட்ரான்கள் எல்லாவற்றையும் இழந்துவிடுவதில்லை. எஞ்சியவை மோதல்களால் கிளர்ந்தெழுந்து, மீளும்போது எக்ஸ் கதிர்களையும் புறஊதாக் கதிர்களையும் வீசுகின்றன. காந்த வேலி மின்னூட்டமுள்ள துகள்களைத்தான் தடுக்கும், ஒளியைத் தடுக்காது. வெப்பம் அவ்வழியே வெளியேறிவிடுகிறது. பத்தாயிரம் எரிபொருள் அணுக்கருக்களுக்கு ஓரிரு டங்ஸ்டன் அணுக்கள் கலந்தாலே போதும், அணுஉலை தன் வெப்பத்தால் தானே எரிவது அரிதாகிவிடும்.

தகடுகளைக் கரிக்கு மாற்றினர். கரியின் அணு எண் 6 மட்டுமே. சூடான நடுப்பகுதியில் ஆறு எலெக்ட்ரான்களையும் இழந்துவிடுவதால் அங்கே அது அதிகம் ஒளிவீசாது. 1978இல் அதே கருவியில் அயனிகளின் வெப்பநிலை சுமார் 6 கோடி டிகிரியை எட்டியது.

கரியிலும் குறை உண்டு. காந்தப்புலம் தாங்கும் அழுத்தத்துக்கு ஓர் எல்லை இருப்பதால், பிளாஸ்மாவில் இடம் அளவானது. நூறு எலெக்ட்ரான்களுக்கு இரண்டு கரி அணுக்கருக்கள் வந்து சேர்ந்தால், மின்னூட்டம் சமனாக எரிபொருள் அணுக்கருக்கள் 88 மட்டுமே இருக்க முடியும். பிணைவின் வேகமோ அந்த எண்ணிக்கையின் இருமடியைப் பொறுத்தது. ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். அதோடு, பெயர்ந்த கரி மீண்டும் சுவரில் படியும்போது டிரிட்டியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. டிரிட்டியம் அரியது, கதிரியக்கமும் உள்ளது. பெருமளவு எரிபொருளைச் சுவர் விழுங்குவதை எந்த உலையும் தாங்காது.

ஆகவே, தள்ளிய டங்ஸ்டனையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலிருந்த ஜெட் என்னும் ஐரோப்பியக் கருவியில் கரிச்சுவரை நீக்கி, 2011 முதல் பெரிலியமும் டங்ஸ்டனும் பதித்த சுவருடன் சோதனைகள் நடந்தன. 2023இல் அச்சுவருடன்தான் 69 மெகாஜூல் பிணைவாற்றல் பெற்றனர். ஓரத்தைக் குளிர்வாக வைத்தால் மோதலின் வேகம் குறைந்து டங்ஸ்டன் குறைவாகவே பெயரும். எரிபொருளின் அடர்த்தி நடுவில் குவிந்தால் டங்ஸ்டன் உள்நோக்கி இழுக்கப்படும். நடுப்பகுதியை நுண்ணலைகளால் சூடேற்றினால் அங்கே குவிவது தடைப்படும்.

ஓரத்தைக் குளிர்விக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? நியான் அல்லது நைட்ரஜன் வாயுவைச் சிறிதளவு வேண்டுமென்றே உட்செலுத்துகிறார்கள். இவையும் மாசுகளே! ஆனால் இவை ஓரத்திலேயே ஒளிவீசி, ஒரே இடத்தில் பாயவிருந்த வெப்பத்தைச் சுவர் முழுதும் பரப்பிவிடுகின்றன. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலையின் உட்சுவருக்கும் பெரிலியத்துக்குப் பதில் டங்ஸ்டனையே பயன்படுத்த 2023இல் முன்மொழிந்தனர்.