குதிரைகளைத் தாக்கும் கோடைப்புண்

வெயில் ஏற ஏற, வண்டிக் குதிரைகளிலும் மட்டக் குதிரைகளிலும் சில புண்கள் எந்தக் களிம்புக்கும் ஆறாமல் பெருகுவதுண்டு. கண்ணின் உள்முனை, கடைவாய், கால்களின் கீழ்ப்பகுதி, ஆண்குறி ஆகிய இடங்களிலும், சேணம் உராய்ந்த காயங்களிலும் இவை தோன்றும். சதை சிவந்து மேலெழும்பி நீர் கசியும். தொட்டால் இரத்தம் வரும். நமைச்சல் தாளாமல் குதிரை புண்ணைக் கடித்தும் தூணில் தேய்த்தும் மேலும் கெடுத்துக்கொள்ளும். சதைக்குள் அரிசிக் குருணை போன்ற மஞ்சள் நிறத் துகள்கள் தென்பட்டால் கோடைப்புண் என்று ஐயுறலாம். கழுதை, கோவேறு கழுதைகளுக்கும் இது வரும்.

இந்நோய்க்கு மூலம் குதிரையின் இரைப்பையில் வாழும் ஹேப்ரோனீமா, டிராஷியா என்னும் உருளைப் புழுக்கள். இவற்றின் முட்டைகளும் இளம்புழுக்களும் சாணத்துடன் வெளியேறுகின்றன. அச்சாணத்தில் வளரும் ஈப்புழுக்கள் அவற்றை விழுங்கி, ஈயாகிப் பறக்கும்போது சுமந்து செல்கின்றன. குதிரையின் உதட்டில் விட்டால் புழு இரைப்பையை அடைந்து முதிர்ச்சி பெறும். புண்ணில் விட்டால் அங்கேயே தங்கிவிடும், முதிர்வதில்லை. ஆனால் அதற்கு எதிராக உடலில் எழும் ஒவ்வாமையே புண்ணை வளர்க்கிறது. புழு செத்த பின்னும் ஒவ்வாமை சில காலம் நீடிக்கும்.

ஆகவே மேல்பூச்சு மட்டும் பயன் தராது. ஐவர்மெக்டின் பசையை 1 கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம் வீதம் வாய்வழியே கொடுக்க வேண்டும். 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு 50 மில்லிகிராம் ஆகும். சில வாரங்கள் கழித்து மறுமுறையும் தேவைப்படலாம். மாடுகளுக்குரிய ஊசி மருந்தைக் குதிரைக்குப் போடுதல் கூடாது. ஒவ்வாமையைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்து உதவும். எனினும் சில குதிரைகளில் அது குளம்பு அழற்சியை உண்டாக்கக் கூடுமாதலால் கால்நடை மருத்துவரே தர வேண்டும். மிகப் பெருத்த சதையை அறுத்து நீக்க நேரிடும். கண்ணருகே வந்த புண்ணுக்கு ஒரு நாளும் தாமதம் வேண்டாம்.

சூடு போடுவதும், மயில்துத்தம், மண்ணெண்ணெய் தடவுவதும் நல்ல சதையையும் வேகவைக்குமே தவிர, நோயைத் தீர்க்கா. புற்றுநோய்க் கட்டிகளும் இதே தோற்றத்தில் வருவதுண்டு. எனவே மருந்து கொடுத்தும் ஆறாத புண்ணிலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிப்பது அவசியம்.

லாயத்தை ஒட்டியே சாணக் குவியல் இருக்கும்வரை மருந்துச் செலவு வீண். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாட்களில் எட்டிவிடும். எனவே சாணத்தை அன்றாடம் அகற்றி, தொலைவில் குவித்துப் பாலித்தீன் தாளால் இறுக மூடுதல் வேண்டும். உள்ளே எழும் சூட்டில் ஈப்புழுக்கள் மடியும். எருவும் விரைவில் மக்கும். கோடைப்புண் என்று பெயரிருந்தாலும், மழைக்குப் பின் ஈ பெருகும் நாட்களிலும் இதே கவனம் தேவை.

சிறு கீறலானாலும் உப்பு நீரால் கழுவித் துணியால் கட்டிவிட வேண்டும். கட்ட இயலாத இடங்களில் புண்ணைச் சுற்றியுள்ள தோலில் வேப்பெண்ணெய் தடவலாம். கண்ணருகே தடவாமல், நெற்றிப் பட்டையில் நூல் குஞ்சங்கள் தொங்கவிட்டால் ஈ அண்டுவது குறையும்.