ஊழியர் சாப்பாட்டு மேசை: காலையும் பார்த்து வாங்குங்கள்

சிப்பந்திகள் சாப்பிடும் மேசைதானே என்று மலிவாக வாங்கும் வணிக அன்பர்கள் சீக்கிரமே மறுபடியும் செலவு செய்கிறார்கள். மேசையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பார்ட்டிகிள் போர்டில் ஓரப்பட்டை பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்தால் உப்பிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எவர்சில்வர் மேல்தகட்டில் 304 ரகம், உப்பும் புளியும் படும் இடத்தில் 202-ஐவிட நன்றாகத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி விற்பார்கள். 202-ம் பொதுவாக ஒட்டாது! ஆகவே பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

மேல்பலகையைத் தட்டிப் பார்க்கும் நாம் காலைக் கவனிப்பதில்லை. தினமும் கழுவிவிடும் தரையில் இரும்புக் குழாய்க் கால் அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும். ரப்பர் புஷ் கழன்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.