பருப்பு நன்றாக வேகிற தண்ணீரையும் சோதிக்க வேண்டும்

திருச்சியிலிருந்து விராலிமலை தாண்டி மதுரைச் சாலையில் போகிறவர்கள், கொடும்பாளூரில் மூவர் கோயிலைப் பார்க்க வண்டியை நிறுத்துவார்கள். சிலப்பதிகாரம் மதுரைக்கு வழி சொல்லும்போது இந்த ஊரை அதன் குளத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் குடிதண்ணீர் என்றால் வெகுகாலம் குளமும் ஊருணியும்தான். அந்தத் தண்ணீரோடு காலராவும் நரம்புச் சிலந்தியும் வரும் என்பதால், நாடு முழுக்க அடிபம்பும் போரும் போட்டார்கள். கிருமி குறைந்தது. ஆழத்துத் தண்ணீரில் வேறொன்று இருப்பதைப் பல ஊர்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டன.

கல்லிலிருந்து வருவது

அந்த வேறொன்று ஃபுளோரைடு. இங்கே அது ஆலைக் கழிவால் வருவதில்லை. போர் போடும்போது வெளியே கொட்டும் கல்மாவை வெயிலில் பிடித்துப் பார்த்தால் கறுப்பாய் மினுங்கும் துகள்கள் இருக்கும். அது கறுப்புக் காக்காப்பொன். அதிலும் அபடைட் போன்ற கனிமங்களிலும் ஃபுளோரைடு உண்டு. பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது.

நம் நாக்கு ஏமாறுவது இந்த இடத்தில்தான். தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் காரத்தன்மையும் கூடிய தண்ணீரில்தான் நிறையக் கரைந்து நிற்கும். அதாவது சோப்பு நன்றாக நுரைக்கிற, பருப்பு சீக்கிரம் வேகிற, வாய்க்கும் இதமான தண்ணீரில். உப்புக் கரிக்கிற போரை விட்டு இதைத் தேடிப் போய்க் குடம் நிரப்புகிறோம். ஒரே தெருவில் ஒரு போரில் அளவு கூடுதலாகவும் பக்கத்துப் போரில் குறைவாகவும் இருக்கும். ஆகவே ஊர்ப் பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

எவ்வளவு வரை?

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். அது நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பவரை மனதில் வைத்த கணக்கு. சித்திரை வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அதைப்போல இரண்டு மடங்கு குடிப்பார். அவருக்கு 1.5 என்பதே அதிகம்.

பல்லிலும் எலும்பிலும்

எட்டு வயதுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகும் பருவத்தில் குடித்ததுதான் பல்லில் தெரியும். முதலில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் குறுக்குக் கோடுகள், பிறகு மஞ்சள், பழுப்பு. இரு பக்கப் பற்களிலும் ஒரேமாதிரி இருக்கும். எத்தனை துலக்கினாலும் போகாது.

எலும்பு பாதிப்புக்கு ஆண்டுகள் பிடிக்கும். கழுத்தும் முதுகும் விறைக்கும். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா, மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முடியவில்லை என்றால் வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல், குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உடம்பில் இன்னும் வேகமாகச் சேரும்.

இது புது நோயும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் 1937லேயே பதிவானது. தமிழ்நாட்டில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பட்ட பாட்டுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல்.

என்ன செய்யலாம்

முதலில் சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருந்தால் கேளுங்கள். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு மாறி மஞ்சளுக்குப் போனால் ஃபுளோரைடு அதிகம்.

கொதிக்க வைப்பது உதவாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சாதாரண வடிகட்டியும் புறஊதா விளக்கும் இதைத் தொடாது. ஆர்.ஓ. நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கியது. அளவு தப்பினால் வேறு தொல்லை, வீட்டில் கண்மட்டத்துக்குச் செய்யக் கூடாது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் ஊரில், அதே மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரையும் ஏற்றிக் கலக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

பாலும் கீரையும் நெல்லிக்காயும் ஓரளவு துணை. கருப்பு உப்பையும் கடுந்தேநீரையும் குறைப்பது நல்லது. இரண்டிலும் ஃபுளோரைடு உண்டு.

குளிக்க, துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவ ஃபுளோரைடு கூடிய போரையே பயன்படுத்தலாம். தோல் வழியாக இது ஏறாது. குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு இரண்டு குடம் போதும். மழைக்காலத்தில் அதைக் கூரையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.