யார் கொடுத்த காசு? – 11: மணல் பெட்டியும் ஒரு முத்தமும்

வில்லோ ரன் ஆய்வகத்தின் ரேடார் பணத்தில் ஒரு பொம்மை ரயில் அந்தரத்தில் வந்து நின்ற கதையைப் போன வாரம் பார்த்தோம். லீத், உபட்னியெக்ஸ் இருவரும் 1964-ல் லேசரால் எடுத்த முப்பரிமாணப் படம், அதாவது ஹாலோகிராம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், திரும்பச் சொல்ல இடம் போதாது.

இந்த வாரம் கணினிக் கலைக்குப் போவதாக ஏற்பாடு. பார்ப்பவர் கையை நீட்டினால் அசைகிற படம், அதற்குப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் கொட்டிய ஆய்வு நிதி, எம்.ஐ.டி., ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ கலை மையம் என்று குறிப்புகள் எல்லாம் தயாராக இருந்தன. நடுவில் ஒரு மணல் பெட்டி வந்து வழியை மறித்துவிட்டது. வியாழக்கிழமை மாலைக்குள் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். எனக்கோ அந்தப் பெட்டியை விட்டு நகர மனமில்லை.

ஹாலோகிராம் எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் லேசர் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தக் காலத்து ஓவியர்களையும் சிற்பிகளையும் வாசலிலேயே நிறுத்தி வைத்தது லேசர் மட்டுமல்ல, அதை வைக்கும் மேசையும்தான்.

காரணம் இது. லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதி நேராகப் படத்தகட்டுக்குப் போகிறது. இன்னொன்று படமெடுக்க வேண்டிய பொருள் மேல் பட்டுச் சிதறி, பிறகு அதே தகட்டுக்கு வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் பதிகின்றன. பொருளின் ஆழம், பக்கவாட்டு, பின்னால் மறைந்திருப்பது எல்லாம் அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது. ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. படம் பதியும் அந்தச் சில வினாடிகளுக்குள் ஒரு கண்ணாடியோ வில்லையோ அதில் கால் பங்கு அசைந்தாலே வரிகள் அழிந்துவிடும். சாதாரண கேமராவில் கை நடுங்கினால் படம் கலங்கலாகவாவது வரும். இங்கே அதுகூட வராது, தகட்டில் இருட்டுதான் மிஞ்சும். தெருவில் போகிற லாரி, மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம், பக்கத்து அறைக் குளிர்சாதனம், ஏன், மேசைக்கு அருகில் ஒருவர் பேசுவதுகூடப் படத்தைக் கெடுத்துவிடும்.

ஆய்வகங்கள் இதற்குக் கண்ட வழி, மிகக் கனமான கிரானைட் அல்லது எஃகுப் பலகை. அதைக் காற்றழுத்தக் கால்களின் மேல் மிதக்கவிடுவார்கள். அதை வாங்க ராணுவமோ பெரிய கம்பெனியோ பல்கலைக்கழகமோ கையெழுத்துப் போட வேண்டும். தனி மனிதருக்கு எட்டுகிற காரியம் இல்லை.

அதனால்தான் 1960-களின் கடைசியில் ஹாலோகிராம் செய்த கலைஞர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய மேசையில் இடம் கேட்டு நின்றவர்களாக இருக்கிறார்கள். முகத்தை இழுத்தும் பிதுக்கியும் கோணல் முகங்களை ஹாலோகிராம் ஆக்கிய புரூஸ் நாமனுக்கு 1968-ல் மிச்சிகனின் கண்டக்ட்ரான் கம்பெனி கை கொடுத்தது. இங்கிலாந்தின் மார்கரெட் பென்யன் அதே ஆண்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நுண்கலை ஆய்வாளராக இருந்தபடி இந்தக் கலைக்குள் நுழைந்தவர். ஓவியர்தான். ஆனால் ஓவியம் வரைய ஓவியருக்குத் தூரிகை போதும், இதற்குப் பொறியாளர்களின் தயவு வேண்டியிருந்தது. 1972-ல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் கார்ட்டியே நகைக்கடையின் கண்ணாடிக்கு வெளியே, நடைபாதைக்கு மேலே, வைரக் காப்பு தொங்கும் ஒரு கை நீண்டது. அதற்குப் பின்னால் இருந்த தொழில்நுட்பம் விமானம் செய்துவந்த மெக்டானல் டக்ளஸ் கம்பெனியுடையது. அந்தக் கையைப் பார்த்துப் பயந்த ஒரு மூதாட்டி இது சாத்தானின் வேலை என்று குடையால் அடித்தாராம். நடந்ததோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை. குடை ஊடுருவிப் போயிருக்குமே!

சரி, மணலுக்கு வருகிறேன்.

லாயிட் கிராஸ் என்று ஓர் இயற்பியலாளர். நாம் போன வாரம் விட்டு வந்த அதே வில்லோ ரன்னில் லேசர் வேலை செய்தவர். ஜெர்ரி பெத்திக் கனடாக்காரர், சிற்பி, பழைய இரும்பிலும் உடைந்த கண்ணாடியிலும் சிற்பம் தேடிய ஆள். இருவரும் மிச்சிகனில் கூட்டுச் சேர்ந்தார்கள். 1970-ல் நியூயார்க் ஃபிஞ்ச் கல்லூரி அருங்காட்சியகத்தில் ஹாலோகிராம்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு மேற்கே கிளம்பி சான்ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். நல்கை இல்லை, ஆய்வகம் இல்லை, கிரானைட் வாங்க வழியே இல்லை. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஒரு பெரிய பெட்டி கட்டினார்கள். அடியில் காற்றடித்த டயர் டியூப்களைப் போட்டார்கள். பெட்டி நிறைய மணலைக் கொட்டினார்கள். வில்லைகளையும் கண்ணாடிகளையும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளின் நுனியில் ஒட்டி, குழாயை மணலில் செருகிவிட்டார்கள். அவ்வளவுதான்.

டியூப்பில் இருக்கும் காற்று தரையின் நடுக்கத்தை மேலே ஏறவிடாது. மீறி ஏறுவதை மணலின் கனம் அமுக்கும். மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை விழுங்கிவிடும். நம் வீடுகளில் தண்ணீர்ப் பானை ஆடாமல் நிற்க மணலைக் குவித்து அதன் மேல் உட்கார வைத்தார்களே, அதே விவேகம். இன்னொரு வசதி, கண்ணாடியின் கோணத்தை மாற்ற வேண்டுமானால் குழாயை லேசாகத் திருப்பினால் போதும். ஆய்வகத்தில் இதற்கென்று கடைந்தெடுத்த துல்லியமான தாங்கி ஒவ்வொன்றும் தனிச் செலவு. வில்லை மேல் மணல் தூசி படியாமல் பார்த்துக்கொள்வதுதான் கூடுதல் தொல்லை, அதற்குப் பொறுமை மட்டும் போதும்.

இந்த மணல் மேசையை வைத்து 1971-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஹாலோகிராஃபி பள்ளி தொடங்கினார்கள். டென்னிஸ் காபோருக்கு ஹாலோகிராஃபிக்காக நோபல் பரிசு கிடைத்த அதே ஆண்டு. ஸ்டாக்ஹோமில் பதக்கம், கலிஃபோர்னியாவில் டியூப்பும் மணலும். இயற்பியல் பட்டம் இல்லாதவர்கள், ஓவியர்கள், தச்சர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். போனவர்கள் தங்கள் ஊரில் தாங்களே பெட்டி கட்டிக்கொண்டார்கள். ஆய்வு நிதி பற்றி எழுதிவரும் இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு, யார் கொடுத்த காசு என்பதற்கு, யாரும் கொடுக்கவில்லை என்று விடை வந்தது இதுவே முதல் தடவை. நான் நகர முடியாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

கிராஸ் அத்தோடு நிற்கவில்லை. ஒருவரைச் சுழலும் மேடையில் நிற்க வைத்துத் திரைப்படக் கேமராவால் படமெடுத்தார். அந்த ஃபிலிமின் ஒவ்வொரு சட்டகத்தையும் ஒல்லியான செங்குத்துக் கீற்றாக ஹாலோகிராம் ஆக்கி, நூற்றுக்கணக்கான கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாகப் பதித்து, ஃபிலிமை உருளையாக வளைத்தார். கீழே ஒரே ஒரு சாதாரண பல்பு. உருளைக்குள்ளே ஆள் நிற்பார். மல்டிபிளெக்ஸ் ஹாலோகிராம் என்று அதற்குப் பெயர். 1974-ல் வந்த ‘கிஸ் II’ அப்படிப்பட்டது. பாம் பிரேசியர் என்ற பெண் அதில் முத்தத்தை ஊதிவிட்டுக் கண் சிமிட்டுகிறார். நீங்கள் நடந்தால்தான் அவர் முத்தம் தருவார். பாதியில் நின்றால் கையும் உதட்டருகே பாதியில் நிற்கும். பின்னால் நகர்ந்தால் முத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

பார்ப்பவரின் கால்தான் இங்கே காலத்தை ஓட்டுகிறது. கணினி இல்லை, சென்சர் இல்லை, மின்சாரச் செலவு ஒரு பல்புக்கு. ‘ஊடாடும் கலை’ என்று பிற்பாடு பெரிய பெரிய திட்ட அறிக்கைகளில் எழுதிப் பணம் கேட்டார்களே, அதன் சாரம் இந்த உருளைக்குள்ளேயே இருக்கிறது என்பேன். இன்னொரு நுட்பம், இரண்டு கண்களும் வெவ்வேறு கீற்றுகளைப் பார்க்கின்றன. ஆகவே இடது கண்ணும் வலது கண்ணும் பார்ப்பது அந்தப் பெண்ணின் வெவ்வேறு நொடிகளை. படமெடுக்கும்போது கையை வேகமாக வீசினால் உருளையில் அது வளைந்து நெளிந்து தெரியும். எனவே எல்லோரும் நிதானமாகவே அசைய வேண்டியிருந்தது. 1976-ல் வந்த ‘லோகன்ஸ் ரன்’ படத்தில் நடிகர் மைக்கேல் யார்க்கின் தலை அந்தரத்தில் தெரிகிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த மல்டிபிளெக்ஸ் கைவரிசைதான்.

இந்த இடத்தில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்விகள் நிற்காது. 2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட்டில் வைத்த நேதாஜியின் ‘ஹாலோகிராம் சிலை’ இந்த வகை அல்ல. அது 30,000 லூமன் 4கே புரொஜெக்டர் ஒளியை, கண்ணுக்குப் புலப்படாத திரையில் அடித்துக் காட்டியது. தேர்தல் மேடைகளில் தலைவர்கள் திடீரென்று தோன்றியதும், மறைந்த பாடகர்கள் மறுபடி பாடியதும், சாய்த்து வைத்த கண்ணாடியில் அல்லது மெல்லிய தாளில் பிம்பம் விழச் செய்யும் வித்தை. லண்டனில் பேராசிரியர் பெப்பர் 1862-லேயே நாடக மேடையில் ஆவியைக் காட்டிய அதே தந்திரம். அழகானதுதான். ஆனால் சுற்றிப் போய்ப் பார்த்தால் முதுகு தெரியாது.

மணல் பெட்டி செலவைக் குறைத்தது, உண்மை. கலை வாழ அது மட்டும் போதாது. செய்ததைத் தொங்கவிட ஒரு சுவர் வேண்டும். 1975-ல் நியூயார்க்கின் சர்வதேச ஒளிப்பட மையத்தில் ஒரு ஹாலோகிராஃபி கண்காட்சி நடந்தது. நியூயார்க் டைம்ஸின் ஹில்டன் கிராமர் அதைப் பார்த்துவிட்டு, தொழில்நுட்ப வித்தை என்று ஒதுக்கித் தள்ளினார். கண்காட்சியை அமைத்தவர்களில் ஒருவரான போசி ஜாக்சன் அதற்காகப் பின்வாங்கவில்லை. மறு ஆண்டே, 1976-ல், சோஹோ பகுதியின் மெர்சர் தெருவில் ஹாலோகிராஃபிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார். பிறகு ஷியர்வாட்டர் அறக்கட்டளை மூலம் இந்தக் கலைஞர்களுக்குப் பரிசுத் தொகை போனதும் அவர் முயற்சியால்தான். அரசுக் குழுக்களில் இந்தக் கலையை எந்தப் பிரிவில் போடுவது என்பதிலேயே தகராறு. ஓவியமா, ஒளிப்படமா, இயற்பியலா? எந்தக் கட்டத்திலும் அடங்காத மனுவுக்குத் தொகை எங்கிருந்து வரும்! அதனாலேயே தனியொரு பெண்ணின் பிடிவாதம் இவ்வளவு பேரைச் சுமக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே ராக் இசைக்குழுப் பணம். ‘தி ஹூ’ குழுவின் ஆதரவோடு ஹோலோகோ என்ற கம்பெனி உருவாகி, 1977-ல் லண்டன் ராயல் அகாடமியில் ‘லைட் ஃபென்டாஸ்டிக்’ கண்காட்சியை நடத்தியது. அதில் ஈடுபட்ட ஆன்டன் ஃபர்ஸ்ட் பின்னாளில் 1989 ‘பேட்மேன்’ படத்துக்குக் காத்தம் நகரத்தை வடிவமைத்து ஆஸ்கர் வாங்கினார். கிடார் வாசித்து வந்த பணம் லேசருக்குப் போய், லேசரிலிருந்து வந்த ஆள் வௌவால் மனிதனுக்கு ஊர் கட்டியிருக்கிறார்.

பெரும் பணம் கடைசியில் எங்கிருந்து வந்தது? பயத்திலிருந்து. 1968-ல் போலராய்ட் கம்பெனியில் ஸ்டீபன் பென்டன் சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும் வானவில் ஹாலோகிராமைக் கண்டுபிடித்தார். அதை உலோக அச்சால் தகட்டில் அழுத்தி லட்சக்கணக்கில் எடுக்க முடிந்ததும், கள்ள நோட்டுக்காரர்களுக்குப் பயந்தவர்கள் ஓடி வந்தார்கள். 1983-ல் மாஸ்டர்கார்டு. 1984 மார்ச்சில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் ஒரு கழுகு. நம் ஊர் டாஸ்மாக் பாட்டிலில் ஒட்டியிருக்கும் மினுங்கும் சீட்டு அந்த வம்சத்தின் கடைக்குட்டி. இதில் கலைஞருக்குப் பங்கு ஒன்றும் கிடையாது. இன்னும் கொடுமை, கலைஞர்கள் நம்பியிருந்த நுண்பருக்கைத் தகடுகளை இல்ஃபோர்டும், பிறகு 1990-களின் இறுதியில் ஆக்ஃபாவும் தயாரிப்பதை நிறுத்தின. மேசையை மணலில் கட்டலாம், தகட்டை எதில் கட்டுவது? வெள்ளி உப்பைக் கண்ணாடியில் பூசத் தாங்களே கற்றுக்கொண்டவர்கள் சிலர், ரஷ்யாவின் ஸ்லாவிச் ஆலையை நாடியவர்கள் சிலர்.

1992-ல் மெர்சர் தெரு அருங்காட்சியகம் மூடிற்று. மறு ஆண்டு அதன் சேகரிப்பை எம்.ஐ.டி. அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

அப்படி ஒருவழியாக எம்.ஐ.டி. வாசலுக்கு வந்துவிட்டோம். ஆனால் உள்ளே போக இடமில்லை. அதே பென்டன் அங்கே மீடியா லேபில், ஒரு வரிக்கு 32,768 புள்ளி, 192 வரி, மொத்தம் 62 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகளைக் கனெக்‌ஷன் மெஷின் என்ற ராட்சதக் கணினியைக் கொண்டு கணக்கிட்டு, அசையும் ஹாலோகிராமைக் காட்டினார். அந்தக் கணக்குக்குப் பணம் கட்டியவர்களில் அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான தார்ப்பாவும் உண்டு. கார்ல்ஸ்ரூஹ இதற்கு நேர் எதிர்க் கணக்கு, அங்கே ராணுவம் இல்லை, நகராட்சியும் மாநிலமும் சேர்ந்து கொடுத்த பணம். அடுத்த வாரம் இரண்டையும் பார்த்துவிடலாம், வேறு பெட்டி எதுவும் குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)